கொதிக்கிற காரும் கழற்றி வைத்த விசிறியும்

கலியாண ஊர்வலத்தில் போகிற பழைய கார் ஒன்றை நாங்கள் எல்லோரும் ஒருக்காலாவது பார்த்திருப்போம். மாலை போட்ட மொரிஸ் மைனர், இல்லாட்டி ஒஸ்ரின் கேம்பிறிஜ். நேரம் மத்தியானம். முன்னால் நாதஸ்வரமும் தவிலும், பின்னால் சனம். கார் பத்தடி ஊர்கிறது, நிற்கிறது, திரும்ப ஊர்கிறது. கொஞ்ச நேரத்தில் பொனற்றுக்குள்ளிருந்து ஆவி கிளம்பும். "கொதிச்சிட்டுது, தண்ணி கொண்டு வாங்கோ" எண்டு ஆரோ ஒராள் கத்துவார். முதல் நாள் அதே கார் கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதியால் நல்ல வேகத்தில் வந்திருக்கும். அப்போது ஒன்றும் நடந்திருக்காது. ஓடும்போது கொதிக்காத கார், நிற்கும்போது ஏன் கொதிக்கிறது?

இதற்குக் கராஜ்களில் இப்போது கிடைக்கிற பதில் ஒரே வரிதான்: "பெல்ட் ஃபானைக் கழட்டிப்போட்டு கறண்ட் ஃபான் பூட்டுங்கோ." பிழையான பதில் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி சாத்தியமாவதற்கு உலகத்தில் என்னென்ன நடக்க வேண்டியிருந்தது, எங்கட ஊரில் அது ஏன் இவ்வளவு பிந்தி வந்தது, அதைச் செய்யும்போது நாங்கள் எதை இழக்கிறோம் என்றெல்லாம் ஒருவரும் எழுதி வைப்பதில்லை. இந்தக் கட்டுரை அதற்கான சின்ன முயற்சி.

விசிறியின் வேலை

ஒரு பெற்றோல் எஞ்சினில் எரிகிற எண்ணெயின் சக்தியில் பெரும்பகுதி சில்லுக்குப் போய்ச் சேருவதில்லை. சுமாராகச் சொன்னால் மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாயால் வெளியே போகிறது. இன்னொரு பங்கு எஞ்சினைச் சுற்றியிருக்கும் தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரின் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் ரேடியேற்றர். கார் ஓடினால் எதிர்க்காற்று தானாக ரேடியேற்றருக்குள்ளால் போகும். நின்றால் காற்று இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் விசிறி.

1908 இல் வந்த ஃபோர்ட் மொடல் ரி காரில் முதல் சில ஆயிரம் கார்களுக்குப் பிறகு தண்ணீர்ப் பம்பே இருக்கவில்லை. சூடான தண்ணீர் மேலே எழும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்ற இயற்கையை நம்பியே தண்ணீர் சுற்றியது. அந்தக் காரிலும் ஒரு பெல்ட்டில் சுழலும் விசிறி இருந்தது. 1948 இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான மொரிஸ் மைனரின் முதல் 918 சி.சி. எஞ்சினும் பம்ப் இல்லாமல் இப்படித்தான் குளிர்ந்தது. 1952 இலிருந்து வந்த 803 சி.சி. எஞ்சினில் பம்ப் வந்தது. பம்பின் புல்லியிலேயே விசிறியையும் பூட்டினார்கள். ஒரே பெல்ட் எஞ்சினிலிருந்து சக்தியை எடுத்து, பம்பையும் விசிறியையும் டைனமோவையும் சேர்த்துச் சுழற்றியது. பிறகு வந்த 948, 1098 சி.சி. மைனர்களிலும் இதே ஒழுங்குதான். எங்கட ஊரில் இன்றும் ஓடுகிற மைனர்களில் நாங்கள் பொனற்றைத் திறந்து பார்ப்பது இதைத்தான்.

எளிமையான, மலிவான, பழுதாகாத ஏற்பாடு. பெல்ட் அறுந்தால் புதுப் பெல்ட் போடலாம். வேறு ஒன்றும் இல்லை. ஆனால் இதில் பிறப்பிலேயே ஒரு முரண் இருக்கிறது.

தலைகீழான கணக்கு

பெல்ட் விசிறி எஞ்சினின் வேகத்துக்கே சுழலும். கார் சனக்கூட்டத்தில் நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்று அளவில்தான் ஓடும். காற்று அதிகம் தேவைப்படுகிற நேரம் அதுதான், விசிறி சோம்பலாகச் சுழல்கிற நேரமும் அதுதான். ஏ-9 இல் வேகமாகப் போகும்போது எஞ்சின் 3500 சுற்றில் ஓடுகிறது என்று வைப்போம். அப்போது எதிர்க்காற்றே போதும், விசிறி தேவையே இல்லை. ஆனால் அப்போதுதான் அது பேய் வேகத்தில் சுழலும்.

சும்மா சுழன்றால் பரவாயில்லை. விசிறி இழுக்கும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. 700 இலிருந்து 3500 என்றால் ஐந்து மடங்கு வேகம், 125 மடங்கு சக்தி. ஒரு கணக்குக்காக, நிற்கும்போது விசிறி 10 வாட் எடுக்கிறது என்று வைத்தால், ஓடும்போது 1250 வாட் எடுக்கும். அது ஒன்றே முக்கால் குதிரைவலு அளவு. 948 சி.சி. மைனரின் முழுச் சக்தியே 37 குதிரைவலுதான். தேவையில்லாத காற்றை அடிப்பதற்காக எரிகிற பெற்றோல் அது.

இந்த முரண் எஞ்சின் செய்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கவில்லை. 1960 இல் வந்த பேஜோ 404 இல் மின்காந்தக் கிளச் ஒன்று இருந்தது. தண்ணீர் சூடானால் மட்டும் அது விசிறியைப் பெல்ட்டோடு இணைக்கும். வேறு சிலர் தடித்த சிலிக்கன் எண்ணெய் நிரப்பிய கிளச்சைப் பயன்படுத்தினார்கள். பிரிட்டனில் கென்லோ என்ற நிறுவனம் பழைய கார்களில் பிறகு பூட்டக்கூடிய மின்விசிறிகளை விற்றது. அப்படியென்றால் எல்லாக் கார்களிலும் மின்விசிறி ஏன் உடனே வரவில்லை? காரணம் விசிறியில் இல்லை, மின்சாரத்தில் இருந்தது.

அந்தக்கால லூக்காஸ் சி-40 டைனமோ முழு வேகத்தில் 22 அம்பியர்தான் கொடுக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்காது. ஒரு மின்விசிறிக்குப் பத்து அம்பியர் தேவை என்று வையுங்கோ. இரவில் முன்விளக்கும் எரிகிறது, மழைக்கு வைப்பரும் ஓடுகிறது. நெரிசலில் நிற்கும்போது இவ்வளவும் பற்றரியிலிருந்துதான் போகும். கொதிக்காமல் தப்பிய கார் அடுத்த நாள் காலையில் ஸ்ராட் ஆகாது.

இந்த முடிச்சை அவிழ்த்தது கார்க்காரர் அல்ல, குறைகடத்திக்காரர். மலிவான சிலிக்கன் டயோட் வந்த பிறகுதான் ஒல்ரனேற்றரைக் காருக்குள் வைக்க முடிந்தது. 1960 ஆம் ஆண்டு மொடலான வேலியன்ற் காரில் கிரைஸ்லர் அதைப் பூட்டியது. மற்றவர்கள் அடுத்த பதினைந்து வருடங்களில் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தார்கள். ஒல்ரனேற்றர் எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் தரும்.

இரண்டாவது உந்துதல் எஞ்சின் இருக்கும் திசையிலிருந்து வந்தது. மொரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் 1959 இல் மினியையும் வடிவமைத்தார். மினியில் எஞ்சின் குறுக்காகத் திரும்பியது. பெல்ட்டும் பக்கவாட்டுக்குப் போனது. அதனால் ரேடியேற்றரையும் பக்கத்தில் வைத்து, சில்லுக்குழிப் பக்கமாகக் காற்றைத் தள்ளினார்கள். எதிர்க்காற்று நேராக விழாத இடம் அது. ரேடியேற்றரை முன்னுக்கே வைக்க வேண்டுமென்றால் விசிறியைப் பெல்ட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். 1969 இன் பியற் 128, 1974 இன் வொக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற கார்கள் அதைச் செய்தன. 1973 இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஒவ்வொரு துளியும் கணக்கானது. முன்சில்லு உந்தும் சின்னக் கார்கள் உலகத்தை நிறைத்தன. பெல்ட் விசிறி கார்களிலிருந்து மெல்ல மறைந்தது.

எங்கட ஊரில் நேரம் நின்றது

உலகம் இப்படி மாறிக்கொண்டிருந்தபோது இலங்கையில் கார் என்பது ஏற்கனவே இருக்கிற கார்தான். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 தொடக்கம் 1977 வரை இன்னும் இறுக்கம். அதனால் 1950களில் வந்திறங்கிய மொரிஸும் ஒஸ்ரினும் ஒரு தலைமுறை முழுக்க ஓடியே ஆகவேண்டியிருந்தது. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகு ஜப்பான் கார்கள் வந்தன. புதியவையும் வந்தன, பாவித்துத் திருத்திய ரீகண்டிஷன் கார்களும் வந்தன. 1980களில் நிசான் சனியும் ரொயோட்டா கொரோலாவும் முன்சில்லு உந்தலுக்கு மாறின. அவற்றின் ரேடியேற்றருக்குப் பின்னால் மின்விசிறி இருந்தது. விபத்தில் நசிந்த, உடைத்து விற்கப்பட்ட அந்தக் கார்களின் விசிறிகள் பஞ்சிகாவத்தை போன்ற பழைய சாமான் கடைத்தெருக்களில் குவிந்தன. தென்னிலங்கையில் மொரிஸ் மைனருக்கு நிசான் எஞ்சினும் ஒல்ரனேற்றரும் பூட்டுவது வழக்கமான வேலையாகிவிட்டது.

வடக்கில் கதை வேறு. 1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. குடாநாட்டுக்கு வந்த மின்சாரமும் நின்றது. ரோச் லைற்றுக்கும் றேடியோவுக்கும் போடுகிற பற்றரி கூடத் தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட கதையை எங்கள் வீடுகளில் கேட்காத பிள்ளை இல்லை. அந்த நாட்களில் கார்கள் ஓடியது மண்ணெண்ணெயில். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகையும் அந்த மணமும்.

இது ஏன் பழைய கார்களில் நன்றாக வேலை செய்தது? மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. அழுத்தம் கூடிய புதிய எஞ்சினில் அது நேரத்துக்கு முந்தி வெடித்து 'கிணிங் கிணிங்' எண்டு தட்டும். 1950களின் எஞ்சின்களில் அழுத்தம் குறைவு, அவை பொறுத்துக்கொள்ளும். உண்மையில் இந்த வித்தை பிரிட்டனிலேயே இருந்த ஒன்றுதான். எங்கட வயல்களில் ஓடிய மசி பேகுசனின் மூதாதையான பேகுசன் ரி.ஈ-20 உழவு இயந்திரத்தில், மண்ணெண்ணெய்க்குக் கிட்டடியான ஓர் எரிபொருளில் ஓடுகிற வகையும் இருந்தது. அதிலும் முதலில் பெற்றோல், சூடான பிறகு மற்றது. அப்படியான உழவு இயந்திரங்களில் ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு மறைப்பு வைத்திருப்பார்கள். காற்றைக் குறைத்து எஞ்சினைச் சூடாகவே வைத்திருப்பதற்காக.

இங்கேதான் ஒரு விசயம் எங்களுக்கு உறைத்தது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்குச் சூடு குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. குறைந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் ஒயிலில் கலக்கும், ஒயில் தண்ணியாகும், பெயாரிங் தேயும். கூடினால் எஞ்சின் தட்டத் தொடங்கும். எப்போதும் சுழன்றுகொண்டேயிருக்கிற பெல்ட் விசிறிக்கு இந்த நிதானம் தெரியாது. சூட்டைப் பார்த்துத் தானாக நின்று ஓடுகிற மின்விசிறி அன்றைக்கு எவ்வளவு உதவியிருக்கும்! ஆனால் அது அதிகம் தேவைப்பட்ட காலத்தில்தான் அதை நினைத்தே பார்க்க முடியாமல் இருந்தது. நல்ல பற்றரிக்கு வழியில்லாத இடத்தில் இன்னொரு பத்து அம்பியரை எங்கே தேடுவது?

அதே பெல்ட் விசிறிக்கு அந்தக் காலத்தில் வேறொரு பெருமை இருந்தது. பற்றரி பலவீனமானாலும் முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுழற்றி எஞ்சினை எழுப்பலாம். எழும்பிவிட்டால் விசிறியும் கூடவே எழும்பிவிடும். வயர் வேண்டாம், ஃபியூஸ் வேண்டாம், சுவிச் வேண்டாம். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து, சனம் தெருவில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தபோது, அந்த நெரிசலுக்குள் ஊர்ந்த பழைய கார்களில் சுழன்றதும் இந்த விசிறிதான். அந்த இரவில் எத்தனை கார் கொதித்து நின்றிருக்கும், ஆர் ஆர் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதை ஒருவரும் பதியவில்லை.

2002 இல் ஏ-9 திறந்தது. பெற்றோலோடும் அரிசியோடும் சேர்ந்து தெற்கின் பழைய சாமான்களும் வந்தன. ஒல்ரனேற்றர், ரிலே, மின்விசிறி. உலகம் முப்பது வருடத்தில் நடந்த தூரத்தை எங்கட கராஜ்கள் அதன் பிறகு அவசரமாக நடந்தன.

மாற்றும்போது நடப்பவை

வேலை பார்க்கச் சின்னது. பம்ப் புல்லியிலிருந்து விசிறி இதழ்களைக் கழற்ற வேண்டும். பெல்ட் அப்படியே இருக்கும், ஏனென்றால் பம்பும் டைனமோவும் அதில்தான் ஓடுகின்றன. ரேடியேற்றருக்குப் பின்னால் இடமிருந்தால் இழுக்கும் விசிறி, இல்லாவிட்டால் முன்னால் தள்ளும் விசிறி. தண்ணீரின் சூட்டை அறியும் சுவிச் ஒன்று, ரிலே ஒன்று, ஃபியூஸ் ஒன்று. அவ்வளவுதான்.

ஆனால் வரலாறு தெரியாமல் பூட்டினால் வரலாறு திருப்பி அடிக்கும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். ஜப்பான் காரில் எதிர்முனை. நிரந்தரக் காந்தம் உள்ள விசிறி மோட்டரை மாறிக் கொடுத்தால் அது பின்பக்கமாகச் சுழலும். விசிறி ஓடும், சத்தமும் கேட்கும், கார் மட்டும் முன்னையைவிட விரைவாகக் கொதிக்கும். வயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் சரி. ஒரு கடுதாசித் துண்டை ரேடியேற்றருக்கு முன்னால் பிடித்தால் அது ஒட்டுகிறதா, பறக்கிறதா என்பதிலேயே பதில் தெரிந்துவிடும். இரண்டாவது, டைனமோவை வைத்துக்கொண்டு பெரிய விசிறி இரண்டைப் பூட்டுவது பற்றரிக்கு வைக்கிற கொள்ளி. ஒல்ரனேற்றருக்கும் சேர்த்துத்தான் செலவு பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. பல கார்கள் கொதிப்பதற்குக் காரணம் விசிறியே இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. எங்கட கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிய கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே வெள்ளைதான் ஐம்பது அறுபது வருடமாக ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் எஞ்சினுக்குள்ளும் படிந்திருக்கிறது. கொதிக்கும் ஒவ்வொரு தரமும் பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். ஊற்றிய ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அடைத்த ரேடியேற்றருக்கு முன்னால் எத்தனை விசிறி பூட்டினாலும் காற்று வீண்தான். முதலில் ரேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கோ. மூடியின் ரப்பரைப் பாருங்கோ. நல்ல மூடி 7 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தாங்கினால் தண்ணீர் 100 பாகையில் அல்ல, 111 பாகை செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். பிறகு மழைத்தண்ணீர் அல்லது வடித்த தண்ணீரோடு கூலன்ற் விடுங்கோ. அதற்குப் பிறகும் கொதித்தால் விசிறியைப் பற்றி யோசிக்கலாம்.

எது அசல்?

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை மூடியிருந்தது. 2022 இல் பெற்றோல் வரிசையும் கியூ.ஆர். அட்டையும். இந்தக் காலத்தில்தான் பல வீடுகளில் ஓரங்கட்டிக் கிடந்த கார்களைத் திரும்ப எழுப்பினார்கள். எங்கட வயதுப் பெடியளும் பெட்டையளும் பழைய கார்களைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். கூடவே ஒரு சண்டையும் வந்திருக்கிறது. ஒரு பக்கம், "எல்லாம் கொம்பனியில இருந்து வந்த மாதிரியே இருக்கோணும்" என்பவர்கள். மற்றப் பக்கம், "ஓடாத காரை வச்சு என்ன செய்யிறது?" என்பவர்கள்.

நாங்கள் இரண்டு பக்கத்தோடும் முழுக்க உடன்படவில்லை. ஓடுகிற கார் ஓடவேண்டும். கொதித்து எஞ்சின் தலை வளைந்தால் அசல் விசிறியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அந்த வகையில் மின்விசிறி நல்ல மாற்றம், மனச்சாட்சி உறுத்தத் தேவையில்லை. ஆனால் 'அசல்' என்று சொல்லி 1955 இன் தொழிற்சாலையை மட்டும் நினைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கார் தொழிற்சாலையில் இருந்தது சில நாட்கள். எங்கட ஊரில் இருந்தது எழுபது வருடம். மண்ணெண்ணெய்க்காக ஆரோ ஒரு மேசன் கார்புரேற்றரோடு பொருத்திய சின்ன டாங்கி, வெட்டி ஒட்டிய குழாய், கையால் வார்த்த புஷ் எல்லாம் அந்தக் காரின் வரலாறு. அவற்றைப் 'பிழையான வேலை' எண்டு கழற்றி எறிந்து, பிரிட்டனிலிருந்து புதுப் பாகம் எடுத்துப் பூட்டினால் கார் வடிவாக இருக்கும், தொண்ணூறுகளைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாது.

பொருளாதாரத் தடையைப் பற்றி எங்களிடம் இருக்கும் எழுத்துகளில் அரசியல் நிறைய உண்டு. அதற்குள் ஒரு எஞ்சினை எப்படி உயிரோடு வைத்திருந்தார்கள் என்பது குறைவு. அது தெரிந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிய கராஜ் மாஸ்ரர்கள். அவர்கள் எழுதுபவர்கள் இல்லை. அவர்களின் எழுத்து அந்தப் பொனற்றுகளுக்குள்தான் இருக்கிறது.

ஆகவே மின்விசிறி பூட்டுகிற நண்பர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள். கழற்றுவதற்கு முதல் ஒரு படம் எடுங்கோ. கழற்றிய விசிறி இதழையும் அதன் ஆணிகளையும் ஒரு சாக்கில் சுற்றி டிக்கிக்குள் போடுங்கோ, பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்காதையுங்கோ. எந்த வருடம், எந்தக் காரின் விசிறியைப் பூட்டினீர்கள் எண்டு ஒரு கொப்பியில் எழுதுங்கோ. பிறகு மாஸ்ரருக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடுத்து, "ஐயா, தொண்ணூற்றொண்டில இதை என்னெண்டு ஓடினியள்?" எண்டு கேளுங்கோ. அவர் சொல்லுறதையும் அதே கொப்பியில் எழுதுங்கோ.